குதிகாலில் ஒட்டிய மண்

கிழங்கை மூட்டையில் போடும் முன் ஒவ்வொன்றாகத் துடைத்து, துடைத்த மண்ணை அதே இடத்தில் உதிர்க்க வேண்டும் என்பது அவர்கள் குடும்பச் சட்டம். சட்டம் போட்டவள் அவள். அதற்குக் கட்டுப்பட்ட ஒரே குடிமகன் அவள் கணவர்.

"ஒரு பிடி மண்ணு வெளிய போகக் கூடாதுங்க."

"போனா போலீஸ்ல சொல்லிடுவியா?"

"நானே அடிப்பேன்."

அவர் சிரித்துக்கொண்டே மண்வெட்டியை வரப்புக் கல்லில் தட்டினார்.

ஐந்து வருடம் முன்பு இந்த மலைச்சரிவைக் குத்தகைக்கு எடுத்தபோது, பெய்கிற மழையெல்லாம் மண்ணைக் கூட்டிக்கொண்டு ஓடைக்குப் போய்க்கொண்டிருந்தது. கணவர் வீட்டிலிருந்த ஒரே கட்டிலை உடைத்தார். இரண்டு கால்களை மேலே சேர்த்துக் கட்டி, குறுக்கே ஒரு சட்டம் அடித்து, உச்சியிலிருந்து கயிற்றில் கல்லைத் தொங்கவிட்டார். கயிறு சட்டத்தின் நடுக்கோட்டில் நின்றால் இரண்டு காலும் ஒரே மட்டம். அதை எட்டு எட்டாக நகர்த்திச் சரிவின் குறுக்கே ஏழு கோடு போட்டார்கள். ஏழு கோட்டிலும் கல் சுமந்து வரப்பு கட்டினார்கள்.

"கட்டில் போச்சேன்னு அழாத. தரையில படுத்தா உருண்டு விழற பயமில்ல" என்றார்.

கல் தூக்கித் தூக்கி அவர் இடுப்பு ஒரு பக்கமாகச் சாய்ந்துவிட்டது. "முதல்ல உங்களுக்குத்தான் மட்டம் பாக்கணும்" என்பாள் அவள்.

ஓடிய மண் வரப்புகளில் முட்டி நின்றது. இப்போது முழங்கால் ஆழம். எட்டு மூட்டை விளைந்த இடத்தில் இந்த முறை முப்பத்தொன்று.

மூட்டைகளைப் பார்த்துத்தான் நிலத்துக்காரர் காரை நிறுத்தி ஏறி வந்தார். அவருக்கு அவர்கள் வைத்த பெயர் 'சரிசரி'. "நாங்க சீர்படுத்தினா எங்களுக்கே விடுவீங்களாய்யா?" என்று அன்று கேட்டதற்கு, போனைப் பார்த்தபடியே "சரி, சரி" என்றிருந்தார். பத்திரம், சாட்சி எல்லாம் அந்த இரண்டு சரிதான்.

"ஏம்ப்பா, பக்கத்து மேட்டுல கல்லுதான் விளையுது. உனக்கு மட்டும் எப்படி?"

ஐந்து வருடத்தில் யாரும் கேட்காத கேள்வி. கணவர் பூரித்துப் போனார். மட்டம் பார்த்த அந்தக் கட்டில்காலை எடுத்துவந்து நிலத்துக்காரர் கையிலேயே கொடுத்து நடக்கவிட்டார். ஏழு வரப்பையும் சுற்றிக் காட்டினார்.

"வருசா வருசம் இதக் கட்டணுமா?"

அவள் இருமினாள். கணவர் காதில் அது விழவில்லை.

"எதுக்குங்க? நான் கட்டினதுங்க!" வரப்பை ஓங்கித் தட்டினார். "முப்பது வருசத்துக்கு ஆளே வேண்டாம்."

"ஆளே வேண்டாமா?"

"வேண்டவே வேண்டாம்."

"சரி, சரி" என்றார் நிலத்துக்காரர். இந்த முறை போன் சட்டைப்பையில் இருந்தது.

மறுவாரம் கூப்பிட்டு அனுப்பினார். அடுத்த போகத்திலிருந்து அவரே பயிர் வைக்கப்போகிறாராம்.

"மேல ஒரு துண்டு சும்மா கெடக்கு, எடுத்துக்குங்க. பாறைதான். ஆனா நீங்க கைராசிக்காரங்களாச்சே."

"ஐயா, எனக்கு இடுப்பு..."

"மெதுவாப் பண்ணுப்பா. யாரு அவசரப்படுத்தறா?"

கடைசி நாள் கணவர் கட்டில்காலைத் தோளில் சாய்த்துக்கொண்டு முன்னே நடந்தார். மழை பெய்து ஓய்ந்திருந்தது. ஏழாவது வரப்பின் ஓரத்தில் அவள் வழக்கம்போல ஒரு குதிகாலைக் கல்லில் தேய்த்தாள். ஈரமண் வழிந்து நிலத்தில் விழுந்தது. அடுத்த காலைத் தூக்கியவள் அப்படியே நின்றாள்.

"என்ன?"

"ஒண்ணுமில்ல. நடங்க."

அந்தக் காலை நுனிவிரலில் மட்டும் ஊன்றி, நொண்டிக்கொண்டே ஏறினாள். மேலே மொட்டைப் பாறை, வெயில் பட்டுக் காய ஆரம்பித்திருந்தது. கணவர் கட்டில்காலை நிறுத்தினார். கயிறு நடுக்கோட்டை விட்டு ஒரு ஓரமாகப் போய் நின்றது.

அவள் உட்கார்ந்து, குதிகாலில் இருந்த மண்ணைக் குச்சியால் சுரண்டிப் பாறைமேல் சேர்த்தாள். ஒரு கரண்டி தேறும். பிறகு அதன் சரிவுப் பக்கமாக ஒரு சின்னக் கல்லை எடுத்து வைத்தாள்.