கீழே வெட்டிய படம்

2014 ஆம் ஆண்டு, கல்யாணப் படம் பெரிதாக அச்சாகி வந்த வெள்ளிக்கிழமை, பாலாவி உப்பளத்தில் வேலை செய்த சரீபுக்குக் கணுக்காலுக்குக் கீழே ஒன்றும் இல்லாமல் போனது. இரத்தம் வரவில்லை, நோகவும் இல்லை. நிலத்துக்கு நாலு விரற்கடை மேலே நடந்து ஜும்ஆத் தொழுகைக்குப் போனார். அன்றும் உப்பு லொறிகள் நேரத்துக்கு ஓடின.

படம் அவர் மகள் நிஃப்லாவுடையது. மாப்பிள்ளையும் பெண்ணும் பின்னால் நிற்க, வாப்பாவை மரியாதைக்கு முன்னால் கதிரையில் இருத்தியிருந்தார்கள். வெறுங்கால்கள், இருபது வருஷ உப்பில் வெடித்து வெள்ளை பூத்தவை. படமோ கற்பிட்டியில் மாப்பிள்ளை வீட்டு ஹோலில் மாட்டுவதற்கு. ஸ்டூடியோக்காரர் மஸாஹிர் கெட்டிக்காரர். கம்ப்யூட்டரில் பளிச்சென்று இருப்பது தாளில் மங்கும் என்று முகங்களுக்கு வெளிச்சம் கூட்டினார், கண்களைக் கூராக்கினார். படம் தாளைவிட நீளமாக இருந்ததால், எந்தப் பக்கம் வெட்டுவது என்று நிஃப்லாவிடம் கேட்டார். மேலே வெறும் சுவர்தான் இருந்தது. "கீழ வெட்டுங்க நானா" என்றாள். வாய் தவறி வந்த சொல் அல்ல அது. மஸாஹிரும் வெட்டியதை மூலப் படத்தின் மேலேயே சேமித்துவிட்டார். இவ்வளவு தெரிந்தவர் அதைச் செய்திருக்கக் கூடாது.

சரீபுக்கு நடையில் குறையில்லை, தொழுகைக்கு முன் கைகால் கழுவும் ஒளுவில்தான் குறை. கால் கழுவ ஊற்றிய தண்ணீர் நேரே சீமெந்தில் விழுந்தது. இல்லாத உறுப்பைக் கழுவத் தேவையில்லை என்றார் மௌலவி. மனம் ஆறாமல் சரீப் ஐந்து வேளையும் ஊற்றிக்கொண்டே இருந்தார். உம்மா மர்ளியா இதைப் போனில் சொன்னபோது நிஃப்லா வெட்கத்தில் போனை வைத்துவிட்டாள்.

மறுநாள் பஸ் ஏறி ஸ்டூடியோவுக்கு வந்தாள். கால்கள் தெரியும் படம் ஒன்றுதான் மிஞ்சியிருந்தது, யாரோ பழைய போனில் எடுத்து அனுப்பிய சின்னப் படம்.

"இதப் பெருசாக்கினா கட்டம் கட்டமா உடையும் தங்கச்சி."

"ஓம், தெரியும். செய்ங்க."

நண்பகல் ளுஹர் தொழுகைக்குள் கால்கள் திரும்பி வந்தன. ஒவ்வொரு விரலும் மூன்று நான்கு சதுரமாக, மண்நிறமும் வெள்ளையுமாக இருந்தது. சரீப் ஒவ்வொரு கட்டத்தையும் தேய்த்துக் கழுவினார். யார் வெட்டச் சொன்னது என்று அவரிடம் ஒருவரும் சொல்லியிருக்கவில்லை. ஸ்டூடியோவிலிருந்து நேரே வீட்டுக்கு வந்து துவாயை நீட்டிய மகளை நிமிர்ந்து பாராமலே, "ஒரு சொல்லுச் சொல்லியிருந்தா நான் சப்பாத்துப் போட்டிருப்பனே மகள்" என்றார்.

அந்தக் கால்களோடுதான் பிறகு ஒன்பது வருஷம் உப்பளத்துக்குப் போனார். அவற்றில் வெடிப்பு வரவில்லை. சேற்றில் சதுரத் தடங்களைக் கண்டால், சரீப் காக்கா முன்னே போய்விட்டார் என்று மற்றவர்கள் நடையை எட்டிப் போடுவார்கள். ஊருக்கு வரும் நாட்களில் நிஃப்லா மட்டும் அவற்றை மிதிக்காமல் வரம்போரமாகச் சுற்றிப் போவாள்.