அமாவாசையன்று குலுங்கிய குப்பி

ஸுஷ்மாவுக்கு அன்று காலையிலிருந்தே ஓரிடத்தில் கால் தரிக்கவில்லை. மூன்று வருடமாக அவள் ஏனாத்தூர்ப் பல்கலைக்கழக ஆய்வகத்தில் அரைத்துத் தீர்த்த வெள்ளைத் தூளைத் தண்ணீரில் போட்டுக் குலுக்கினால், அந்த அதிர்விலேயே தண்ணீர் பிளந்து ஹைட்ரஜன் வரவேண்டும். தறியில் குப்பியைக் கட்டி, நெசவின் அதிர்விலிருந்தே எரிபொருள் எடுத்துக் காட்டுவதாக, ஆய்வை மேற்பார்க்கும் பேராசிரியர் கலியாணசுந்தரத்திடம் சொல்லியிருந்தாள். பன்னிரண்டு மணிக்குச் சென்னையிலிருந்து வருகிறார். சாயங்காலம் ஜெர்மனிக்கு விமானம். இன்று காட்டாவிட்டால் ஆய்வுக்கு மூடுவிழாதான்.

நாள் பார்த்ததும் அவளே. அமாவாசையென்றால் அப்பா தர்ப்பணத்தில் மும்முரமாக இருப்பார், எங்கே போகிறாய் என்று கேட்கமாட்டார்.

நெசவாளர் ஊரான ஐயம்பேட்டையில் இறங்கினால், எறும்பு கொட்டாவி விட்டால்கூடக் கேட்கும்போலிருந்தது. ஒரு தறியும் ஓடவில்லை.

"இன்னா பாப்பா, அமாவாசையும் அதுவுமா வந்துக்கினு நிக்கிற?" என்றார் நெசவாளி துரைக்கண்ணு.

"ஒரு மணி நேரம் மட்டும் நெய்யுங்கண்ணா!"

"இன்னிக்குத் தறியில கை வெச்சா தெருவே என் மேல கை வெக்கும். ஐயங்காரூட்டுப் பொண்ணு, அமாவாசை தெரியாதா?"

"தெரியும்ணா. தறிக்கும் அமாவாசை உண்டுன்னு தெரியாது!"

வாசலுக்கும் தெருவுக்குமாக நாற்பது முறை நடந்தாள். அப்போது பரசுராமனின் ஷேர் ஆட்டோ வந்து நின்றது. அதிலிருந்து இறங்குகிறவர்கள் முதலில் பல்லை எண்ணிப் பார்த்துக்கொள்வார்கள்.

ஒரு குப்பியை அதன் இருக்கைக் கம்பியில் கட்டினாள். அதே தூள் போட்ட இன்னொன்றைத் துரைக்கண்ணு மடியில் வைத்தாள். "இது குலுங்கவே கூடாதுண்ணா. குலுங்காட்டி வாயு வராதுன்னு காட்டணும். மூச்சுகூட மெதுவா விடுங்க."

வந்த பேராசிரியரைப் பேசவிடாமல் ஆட்டோவில் ஏற்றினாள். முதல் பள்ளத்தில் அவர் கண்ணாடி நெற்றிக்கு ஏறியது. இரண்டாவதில் அவரே கூரைக்கு ஏறினார்.

"மெதுவாப் போப்பா!"

"மெதுவாப் போனா வாயு வராது சார்!"

"பள்ளந்தான வேணும்?" என்றான் பரசுராமன். "ஏனாத்தூர் வரிக்கும் ரோடே அதான் சார்."

போய்வர ஒரு மணி நேரம். துரைக்கண்ணு மூக்கில் உட்கார்ந்த ஈயைக்கூட விரட்டாமல் அப்படியே இருந்தார். ஸுஷ்மா அவர் குப்பியில் ஹைட்ரஜன் அளக்கும் கருவியைச் செருகினாள். முள் அசையவில்லை. ஆட்டோக் குப்பியில் செருகினாள். முள் யோசித்தது, சிலிர்த்தது, மேலேறியது. கொசு வீட்டு அடுப்பு பற்றுகிற அளவுக்கு ஹைட்ரஜன்!

கலியாணசுந்தரம் இடுப்பைத் தடவிக்கொண்டே இருக்கையில் காகிதத்தை வைத்து, ஒரு வருட நீட்டிப்புக்குக் கையெழுத்துப் போட ஆரம்பித்தார். இன்ஜின் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. பேனா நண்டுபோல ஓடியது.

"ஐயோ, இறங்கிப் போடுங்க சார்!" என்று பதறினாள் ஸுஷ்மா. "செல்லாதுன்னுடுவாங்க!"