பானட்டில் பூசிய நெய்

ஈப்போ பக்கம் குனோங் ராபாட்டில் சுண்ணாம்பு மலையடியில் இருந்த கார்ப் பட்டறையில் ஐயாவு என்பவனுக்குப் பத்து வருஷமாக ஒரே வேலை, தேய்ப்பது. சுங்காய் ரப்பர்த் தோட்டத்தில் பால்வாளி தூக்கிய கையில், சீன முதலாளியான தவுக்கே மணல்தாளைத் திணித்தார். எழுபத்தொன்றில் திணித்தது. எண்பத்தொன்று பிறந்தும் அதை வாங்கி வைத்துவிட்டு ஸ்பிரே கன்னைக் கொடுக்க அவருக்கு மனம் வரவில்லை.

தேய்ப்பில் ஐயாவு பெரிய ஆள்தான், அதை மறுக்க முடியாது. கண்ணை மூடிக்கொண்டு தகரத்தை உள்ளங்கையால் தடவி, “இங்க பள்ளம் இருக்கு” என்பான். இருக்கும். அதனால் வாயும் கொஞ்சம் நீளம். சாயம் கரைக்கும் தின்னரில் துடைத்து வைத்த தகரத்தை எவனாவது தொட்டால் தொலைந்தான். ஒருமுறை தவுக்கேயின் கையையே தட்டிவிட்டான். “கை எண்ணெய் பட்டா முதல் பூச்சு பிரைமரே ஒட்டாது தவுக்கே!”

சாயம் அடிக்கிறவன் சொல்லாமல் கொள்ளாமல் சிங்கப்பூருக்கு ஓடிப்போன வாரத்தில்தான் அவனுக்கு யோகம் அடித்தது.

“இந்த டட்சன் கார் நீ தேய், நீயே அடி” என்றார் தவுக்கே. “பிரைமர் நல்லா நின்னா கன் உனக்கு. இல்லாட்டி திங்கக்கிழமை கமுந்திங்லேருந்து வேற ஆள் வரும் லா.”

ஐயாவின் பெண்டாட்டி இருளாயி அன்று சாயங்காலமே லைன் வீடுகள் முழுக்கச் சொல்லிவிட்டாள், தன் புருஷன் இனிமேல் பெயிண்டர் என்று.

டட்சனின் சொந்தக்காரர் சதாசிவம். கோயிலுக்குத் தலைவர், பள்ளிக்கூடத்துப் பெற்றோர் சங்கத்துக்குத் தலைவர், எவன் வீட்டுக் கல்யாணமானாலும் மைக்குக்கும் அவரே தலைவர். போன திருவிழாவில் சாமி ரதத்துக்கு முன்னால், ரதத்தைப் பார்த்தபடி காரைப் பின்பக்கமாக ஓட்டி வழிகாட்டப் போய், கியர் மாறி முன்னால் பாய்ந்து, காரின் முன்மூடியான பானட்டை ரதத்திலேயே இடித்துக்கொண்டவர். ரதத்துக்கு ஒன்றும் ஆகவில்லை.

ஐயாவு நான்கு நாள் உயிரைக் கொடுத்தான். நெளிவைத் தட்டினான், பள்ளத்தில் புட்டி மாவு வைத்து நிரப்பினான், முரட்டுத் தாளில் தொடங்கித் தண்ணீர்த் தாளில் முடித்தான். விரல் முட்டிகளில் தோல் இல்லை. சனிக்கிழமை காலை தின்னரால் துடைத்துவிட்டுப் பார்த்தபோது, பெற்ற பிள்ளையைப் பார்த்தபோதுகூட வராத பெருமை அவனுக்கு வந்தது.

கன்னில் பிரைமரை ஊற்றும்போது சதாசிவம் தட்டோடு வந்து நின்றார். தட்டில் சூடம், பூ, நெய்யில் குழைத்த விபூதி.

“டேய் ஐயாவு, சாயம் படுறதுக்கு முன்னாடி சாமி படணும்.”

“தலைவரே, இப்பத்தான் தொடச்சேன். பெயிண்ட் அடிச்சப்புறம் வச்சிக்கலாமே...”

“சாமிக்கே டைம் சொல்றியா?”

தவுக்கேயின் கையைத் தட்டிய வீரன் பல்லைக் காட்டினான். தலைவர் மூன்று விரலால் பானட்டின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை தாராளமாக இழுத்தார். “அழிச்சிடாதே, தெய்வக் குத்தம்” என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போனார்.

ஐயாவு தின்னர்த் துணியோடு நின்றான். அந்த நெய் என்ன செய்யும் என்று அவனைவிட நன்றாகத் தெரிந்தவன் ஈப்போவில் இல்லை. ஆனால் விபூதியைத் தின்னரால் துடைக்கக் கை எழவில்லை. கடைசியில் ஒரு தந்திரம் செய்தான். வேட்டித்துணியை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, பக்தியோடு மெதுவாகத் துடைத்தான். மூன்று கோட்டில் இருந்த நெய் பானட் முழுக்கப் பரவியது. சாமியை வேண்டிக்கொண்டு கன்னை அழுத்தினான்.

பிரைமர் விழுந்த வேகத்தில் விலகி ஓடியது. அம்மை வார்த்த முகம்போல பானட் முழுக்கக் குழிகுழியாகத் தகரம் தெரிந்தது.

தவுக்கே வந்து குனிந்து பார்த்தார். “எண்ணெய்! யாரு தொட்டது?”

“தலைவர், தவுக்கே. சாமி நெய்” என்றான் ஐயாவு. அதையாவது சொன்னானே.

டீக்கடையிலிருந்து திரும்பியிருந்த சதாசிவம் மார்பைப் பிடித்துக்கொண்டார். “சாமி நெய் கெடுக்குமா? இவன் கைதான் விளங்காத கை. நம்ம ஆளை நம்பிக் குடுத்தா இப்படித்தான்.”

ஐயாவு தவுக்கேயைப் பார்த்தான். இயந்திரம் தெரிந்த மனுஷன், நியாயம் சொல்வார் என்று நம்பினான். தவுக்கே சுவரில் இருந்த தன் சிவப்புச் சாமி மாடத்தைப் பார்த்தார், புகையும் ஊதுவத்திகளைப் பார்த்தார், தலையை ஆட்டினார்.

“சாமி எண்ணெய் தப்பு பண்ணாது லா.”

திங்கட்கிழமை கமுந்திங்கிலிருந்து லூயிஸ் என்ற பெயிண்டர் வந்தான். காலில் சப்பாத்து போட்டிருந்தான், கையுறை போட்டிருந்தான். ஐயாவு மறுபடி தகரம்வரை தேய்த்து, தின்னரால் துடைத்துவிட்டு ஒதுங்கினான். சதாசிவம் தட்டோடு வந்தார். ஐயாவுக்கு நெஞ்சுக்குள் ஒரு அற்பச் சந்தோஷம். பூசட்டும், நன்றாகப் பூசட்டும்.

லூயிஸ் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. “தொடாதீங்க. வெளிய நில்லுங்க.”

“சரிங்க சார்” என்றார் சதாசிவம்.

அவ்வளவுதான். சாமியும் கோபிக்கவில்லை, தலைவரும் கோபிக்கவில்லை. மூன்றே வார்த்தையில் முடிகிற காரியம் என்று தெரிந்தபோது ஐயாவுக்கு வயிறு பற்றி எரிந்தது.

குழைத்த விபூதி வீணாகப் போகிறதே என்று சதாசிவம் சுற்றுமுற்றும் பார்த்தார். ஓரமாக நின்றவன் கண்ணில் பட்டான்.

“டேய் ஐயாவு, இங்க வா.”

ஐயாவு போய்க் குனிந்து நெற்றியைக் காட்டினான்.