ஆமென் விட்டுப்போன பிரசங்கம்

போதகரம்மா ஒரு புதன்கிழமை காலை பத்தேகாலுக்குச் சமையலறை நாற்காலியில் உட்கார்ந்தாள். இன்றோடு ஒன்பது வருடம் முடிகிறது, இன்னும் எழுந்திருக்கவில்லை. காலில் கோளாறு கிடையாது, முதுகில் வலி கிடையாது. டாக்டர் முழங்காலில் தட்டிப் பார்த்தபோது கால் துள்ளிப் போய் அவருடைய பெட்டியையே கவிழ்த்தது. கணவர் எழுதிய பிரசங்கம் ஒன்றை வாசிக்கத் தொடங்கினாள், அது முடியவில்லை, ஆகவே எழுந்திருக்க முடியவில்லை. விஷயம் இவ்வளவுதான்.

போதகருக்கு வாழ்க்கையில் ஒரே ஒரு குறை இருந்தது. முப்பத்தோரு வருடம் ஞாயிறு தவறாமல் பிரசங்கபீடத்தில் ஏறியும், தம்முடைய பிரசங்கத்தை முதலிலிருந்து ஆமென் வரைக்கும் கேட்ட ஒரு மனிதரை அவர் கண்டதில்லை. அவருடைய பிரசங்கத்துக்கு எப்போதும் மூன்று பாகம். ‘முதலாவதாக’ என்னும்போது சபை நிமிர்ந்து உட்காரும். ‘இரண்டாவதாக’ என்னும்போது பின்வரிசையில் தலைகள் ஒவ்வொன்றாகச் சாயும். ‘மூன்றாவதாக’ என்று வாயைத் திறந்தால் பக்கக் கதவு கீச்சிடும். சொந்த மனைவியே குடையை எடுத்துக்கொண்டு வெளியே போவாள். ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்கு எட்டுப் பேருக்குக் குறையாமல் வருவார்கள். உலையை ஏற்றிவிட்டு வந்தவள் அதற்குமேல் தாமதித்தால் பொங்கி அடுப்பு அணைந்துவிடும். “உங்க மூணாவது என்னைக்கும் என் அடுப்போடதான் மோதுது” என்பாள். போதகர் கோபித்துக்கொள்ள வழியில்லை. சாப்பிடுகிறவர்களில் அவரும் ஒருவர்.

அச்சுப் போடும் யோசனையைச் சொன்னது மனைவியின் அண்ணன். கடைத்தெருக் கோடியில் சின்ன அச்சகம் வைத்திருந்தார். எழுத்துக் கோப்பது, அச்சடிப்பது, தைப்பது, பசை தடவி அட்டை போடுவது எல்லாம் அவரே. “மாப்பிள்ளை, வாயால பேசினா காத்தோட போயிடும். புஸ்தகமாப் போட்டுடுவோம். கேக்கறவன் எந்திரிச்சு ஓடமாட்டான்” என்றார். தாம் எவ்வளவு சரியாகச் சொன்னோம் என்பது அவருக்கே அப்போது தெரியாது. போதகர் முப்பத்தோரு வருடத்துப் பிரசங்கங்களிலிருந்து இருபத்தேழைப் பொறுக்கி எடுத்துக் கொடுத்தார். பேராயர் முன்னுரை எழுதினார். அதில் ‘இந்த அருமையான கவிதைத் தொகுப்பு’ என்று இருந்ததை யாரும் கவனிக்கவில்லை. மொத்தம் முந்நூறு பிரதிகள்.

புத்தகத்தின் குணத்தை முதலில் கண்டவர் பல் வைத்தியர். நோயாளி வாயைத் திறந்து காத்திருக்க, ஒரு நிமிடம் புரட்டிப் பார்க்கலாமென்று நான்காம் பிரசங்கத்தைத் தொட்டார், பொறுமையைப் பற்றியது. நாற்பத்திரண்டு நிமிடம் கழித்து ‘ஆமென்’ என்ற இடம் வந்த பிறகுதான் அவரால் நாற்காலியை விட்டு எழ முடிந்தது. நோயாளி அதற்குள் வாயை மூடிக்கொண்டு போய்விட்டிருந்தார். மறுநாள் வக்கீல் குமாஸ்தா ஒருவருக்கும், அதற்கு மறுநாள் இரண்டு ஆசிரியைகளுக்கும் அப்படியே ஆயிற்று. எந்தப் பிரசங்கத்தைத் தொடங்கினாலும் அதன் ஆமென் வரும்வரை உட்கார்ந்த இடத்தை விட்டு எழ முடியாது. பஸ் நேரம் மாறியதைத் தெரிந்துகொள்வதுபோல ஊர் இதைத் தெரிந்துகொண்டு, அதற்கேற்ப நடந்துகொண்டது. பல் வைத்தியர் ஒரு பிரதியை நோயாளிகள் காத்திருக்கும் அறையில் வைத்தார். அதன்பின் பயந்து ஓடியவர் யாருமில்லை. காவல் நிலையத்தில் கம்பிக் கதவின் பூட்டு பழுதான வாரம் முழுவதும், பிடிபட்டவர்களை இரண்டாம் பிரசங்கம்தான் காத்தது. போதகர் தெருவில் நடந்தால் யாராவது ஒருவர் களைத்த முகத்தோடு வந்து, “ஐயா, உங்க பதினோராம் பிரசங்கத்தைக் கடைசி வரைக்கும் படிச்சேன்” என்பார். போதகர் காரணம் கேட்பதில்லை. புத்தகம் வெளிவந்த அந்த இரண்டு வாரத்தில் அவருக்குக் கன்னத்தில் ஒரு சுற்றுச் சதை போட்டது.

இருபதாம் பிரசங்கத்தைத் தாண்டிப் போனவர் எவரும் இல்லை. போயிருந்தால் சங்கதி முன்னாலேயே வெளிப்பட்டிருக்கும்.

போதகரம்மா நேராக இருபத்தேழுக்குப் போனாள். அதற்குக் காரணம் இருந்தது. வேதத்தில் வருகிற, விருந்தாளி வந்த வீட்டில் ஓடியாடி வேலை செய்த அக்காளையும், காலடியில் உட்கார்ந்து பேச்சைக் கேட்ட தங்கையையும் பற்றிய பிரசங்கம் அது. போதகர் அதைப் பதினான்கு தடவை பேசியிருக்கிறார். பதினான்கு தடவையும் அவள் மூன்றாவதில் எழுந்து அடுப்புக்கு ஓடியிருக்கிறாள். அந்த அக்காள் கடைசியில் என்னதான் ஆனாள் என்று ஒரு தரமாவது தெரிந்துகொள்ள வேண்டுமென்று, புதன்கிழமை அரிசியைக் களைந்து வைத்துவிட்டுப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாள். அரைமணி நேரம் கழித்து அவள் குரல் கேட்டது.

“என்னங்க, கொஞ்சம் இங்க வாங்க. உங்க புஸ்தகத்துல முடிவு இருக்க வேண்டிய இடத்துல அட்டை இருக்கு.”

போதகர் வாங்கிப் பார்த்தார். ‘ஆகவே பிரியமானவர்களே, மூன்றாவதாக, அந்த அக்காள்’ என்று பக்கம் முடிந்தது. அடுத்தது காலிகோத் துணி ஒட்டிய அட்டை. முந்நூறு பிரதியிலும் அதே கதை. மனைவியைக் கையைப் பிடித்து இழுத்தார். நாற்காலியும் சேர்ந்து வந்தது. போட்ட செருப்போடு அச்சகத்துக்கு ஓடினார்.

“மச்சான், கடைசித் தாள் எங்க?”

“எந்தத் தாள்?” என்றார் மைத்துனர், பசைக் கிண்ணத்திலிருந்து தலையை எடுக்காமல்.

“கடைசிப் பதினாறு பக்கம் அடிச்ச தாள். பிரசங்கத்தோட முடிவு அதுலதான் இருக்கு.”

“ஓ, அதுவா. அட்டையை முன்னாடியே வெட்டி வச்சுட்டேன் மாப்பிள்ளை. அதையும் சேத்துத் தச்சா முதுகு புடைச்சிக்குது. அதான் எடுத்துட்டேன்.”

“முடிவை எடுத்துட்டீங்களா?”

“அது முடிவுன்னு எனக்கு எப்படித் தெரியும்? நானும் வருஷக்கணக்கா உங்க பிரசங்கத்துக்கு வர்றேன். ஒரு தடவையாவது முடிஞ்சு பாத்திருக்கேனா?”

போதகர் கையெழுத்துப் பிரதியைக் கேட்டார். அதை எரித்துத்தான் பசை காய்ச்சினாராம். அச்சடித்த முந்நூறு தாளையும் கேட்டார். கடலை வறுத்து விற்கிறவர் பொட்டலம் மடிக்க வாங்கிக்கொண்டு போய்விட்டாராம்.

அந்த இரண்டு வாரமாக ஊரில் நடந்த வேறு சில காரியங்களுக்கு இப்போதுதான் விளக்கம் கிடைத்தது. முன்பாதியில்லாத முடிவை வாசித்தவர்கள், செய்துகொண்டிருந்ததை அப்படியே போட்டுவிட்டு எழுந்து வீட்டுக்குப் போயிருந்தார்கள். முடிதிருத்துகிறவர் கடலையைத் தின்றுவிட்டுப் பொட்டலத்தைப் பிரித்துப் படித்தார். பாதி மீசையோடு ஒருவரை விட்டுவிட்டு வீட்டுக்கு நடந்தார். பஸ் டிரைவர் ஒருவர் நடுவழியில் இறங்கிப் போனார். தண்ணீர் குடிக்கப் போயிருக்கிறார் என்று பயணிகள் ஒரு மணி நேரம் மரியாதையாகக் காத்திருந்தார்கள். ஆறு வருடமாகப் பிறந்த வீட்டில் கோபித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த ஒரு மருமகள் பெட்டியோடு திரும்பி வந்ததும் அப்படித்தான். அவளுடைய புருஷன் இன்றுவரை தன்னுடைய குணத்துக்காக வந்தாள் என்று நினைக்கிறான். போதகர் கடலைக்காரரிடம் ஓடினார். பொட்டலங்கள் தீர்ந்து, தின்றவர்கள் எறிந்த காகிதமெல்லாம் முந்தாநாள் மழையில் சாக்கடையோடு போயிருந்தது.

அன்றிலிருந்து போதகருக்கு ஒரே வேலை, அந்தப் பிரசங்கத்தை முடிப்பது. மனைவி எதிரே ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து புதிய முடிவு ஒன்றை எழுதி வாசித்து, ‘ஆமென்’ என்பார். அவள் எழுந்திருக்கப் பார்ப்பாள், நாற்காலி விடாது. “இது இல்லீங்க” என்பாள். முதல் வருடத்தில் இருபத்திரண்டு முடிவுகள் எழுதினார். ஒன்றில் அவரே அழுதார். நாற்காலி அசையவில்லை. தச்சர் வந்து ரம்பம் போட்டார், பற்கள்தான் மழுங்கின. ஆனால் உட்கார்ந்தபடியே ஒரு மனுஷிக்கு வேண்டியிருக்கும் மற்ற ஏற்பாடுகளை அவர் இரண்டு நாளில் கச்சிதமாகச் செய்து கொடுத்தார், அதைப்பற்றி ஊர் இங்கிதமாகப் பேசாமல் இருந்துவிட்டது. பேராயர் நேரில் வந்து ஜெபம் செய்து, முழங்கையைப் பிடித்து இரண்டு தரம் இழுத்துப் பார்த்து, டீ குடித்துவிட்டுப் போய் ஒரு கடிதம் அனுப்பினார். இவ்விதம் உட்கார்ந்திருப்பதில் திருச்சபைப் போதனைக்கு விரோதமானது எதுவுமில்லை என்று அதில் கண்டிருந்தது.

வேலை நின்றுவிடவில்லை. கைமாறியது. ஞாயிற்றுக்கிழமை எட்டுப் பேருக்குப் போதகர் உலை வைத்தார். முதல் வருடம் குழைந்தது, இரண்டாம் வருடம் கருகியது, மூன்றாம் வருடத்திலிருந்து சாப்பிட முடிந்தது. போதகரம்மா நாற்காலியிலிருந்து வழி சொன்னாள். முப்பத்தோரு வருடம் அவளோடு நின்றபடி இரண்டு வார்த்தை பேசிப் போனவர்கள் இப்போது உட்கார்ந்து பேசினார்கள். கீரையை ஆய்ந்துகொண்டே அவளும் பேசினாள். முதலில் பக்கத்து வீட்டுப் பெண்கள் வந்தார்கள். பிறகு அவர்களுடைய புருஷன்கள், “இவ இங்க என்னதான் பண்றா” என்று பார்க்க வந்து, அவர்களும் சுவரோரமாகச் சாய்ந்துகொண்டார்கள்.

“புருஷன் பேசறப்போ தலையாட்டுங்க, தப்பில்லை. ஆனா கணக்கா ஆட்டுங்க. ஒரு நாள் நீங்க நிறுத்தினா அவருக்குத் தெரியணும்” என்று ஒரு ஞாயிறு சொன்னாள்.

“எங்க வீட்ல அவர் பேசவே மாட்டார் அக்கா” என்றாள் தையல்காரி.

“அப்படின்னா நீ பேசு. அவர் ஆட்டட்டும். கழுத்து எல்லாருக்கும் ஒண்ணுதான்.”

நான்காம் வருடம் ஆலயத்தில் பதினோரு பேர் இருக்கும்போது சமையலறையில் அறுபது பேர் இருந்தார்கள். இடம் போதாமல் அடுப்பைக் கொல்லைக்கு மாற்றினார்கள். போதகர் அங்கியைக் கழற்றி மாட்டிவிட்டு நேரே கொல்லைக்குப் போவது வழக்கமாயிற்று. எழுதுவதை மட்டும் விடவில்லை. அவளை எப்படியாவது எழுப்பிவிட வேண்டும். ஊரைக் கட்டிப்போட்ட பேச்சுக்குத் தம்மால் ஒரு முடிவு சொல்ல முடியவில்லையே என்பது அவர் மனதை அறுத்தது. எண்பத்தாறாவது முடிவுவரை எழுதினார்.

ஒன்பதாம் வருடம் ஆலயத்துக் கல்யாணப் பதிவேட்டின் முதுகு கிழிந்தது. போதகர் அதை மைத்துனரிடம் கொண்டு போனார். பைண்டர்கள் முதுகு விறைப்பாக நிற்க உள்ளே ஏதாவது கழிவுத் தாளை மடித்து ஒட்டுவது உண்டு. மைத்துனர் ஈரத்துணி போட்டு ஊறவைத்து உரித்தார். எட்டாக மடித்த தாள் ஒன்று கிழியாமல் வந்தது.

“அட, நம்ம ஆமென்” என்றார். “உங்க புஸ்தகம் போட்ட அதே வாரம்தான் இதையும் பைண்ட் பண்ணினேன். மறந்தே போச்சு மாப்பிள்ளை.”

ஒன்பது வருடமாக ஒவ்வொரு கல்யாணத்துக்கும் போதகர் அதன்மேல்தான் முழங்கையை ஊன்றிக் கையெழுத்துப் போட்டிருந்தார். அங்கேயே நின்றபடி பதினாறு பக்கத்தையும் வாசித்தார். ‘சுருங்கச் சொன்னால்’ என்று நான்கு இடத்தில் வந்தது, எங்கேயும் சுருங்கவில்லை. ஆமென்வரை வாசித்ததும் கால் தானாகத் திரும்பி, குடையைக்கூட எடுக்கவிடாமல், அவரை வீட்டுக்குக் கொண்டுவந்து சேர்த்தது.

போதகரம்மா வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். கையிலிருந்த தாளைப் பார்த்ததும் அவளுக்குப் புரிந்தது. கத்தியைக் கீழே வைத்தாள்.

“கிடைச்சிடுச்சா?”

“கிடைச்சிடுச்சும்மா. வாசிக்கட்டுமா? நீ எந்திரிச்சிடலாம்.”

“இருங்க. வாசிக்காதீங்க. கேட்டதுக்கு மட்டும் சொல்லுங்க. அந்த அக்கா என்ன ஆனா? கடைசியில உட்கார்ந்தாளா?”

அந்தப் பதினாறு பக்கத்தில் அக்காளுக்கு இருந்தது முதல் இரண்டு வரிதான். அந்த அக்காள் சமையலறைக்குள் போனாள். அவளை அங்கேயே விட்டுவிட்டு நாம் தங்கையிடம் திரும்புவோம் என்று போதகர் தாமே எழுதியிருந்தார். மிச்சமெல்லாம் தங்கை. பொய் சொல்லியிருக்கலாம். எண்பத்தாறு முடிவு எழுதியவருக்கு இன்னொன்று சிரமமில்லை. ஆனாலும் உள்ளதைச் சொன்னார்.

அவள் சிரித்தாள்.

“அவளை உட்கார வைக்க உங்களுக்குத் தோணலை.”

“தோணலைம்மா.”

“சரி, போகட்டும். அவளுக்கும் சேத்து நான் உட்கார்ந்துக்கறேன். அதை நாலா மடிச்சு இந்தக் காலுக்கு அடியில வைங்க. ஒன்பது வருஷமா ஆடுது.”

போதகர் குனிந்து, தாளை நாலாக மடித்து, நாற்காலியின் இடது பின்காலுக்கு அடியில் செருகினார். ஆட்டம் நின்றது. வாசித்தால் எழுந்துவிடலாம் என்பது எல்லோருக்கும் தெரியும்; எப்போது வாசிப்பது என்பது அவள் பாடு என்று ஊரும் விட்டுவிட்டது. மைத்துனர் மட்டும், தாம் தவறாக எதையும் எடுக்கவில்லை என்பதற்கு இது அத்தாட்சி என்றார்.

அடுத்த ஞாயிறு சமையலறையில் எழுபது பேர். போதகர் வாசலோரம் நின்று கேட்டார். மனைவி முதலாவது சொல்லி முடித்தாள், சபை நிமிர்ந்தது. இரண்டாவது சொன்னாள், பின்னால் ஒருவர் தலைகூடச் சாயவில்லை. “மூணாவது என்னன்னா” என்று அவள் தொடங்கியபோது கொல்லையில் உலை பொங்கும் சத்தம் கேட்டது. போதகர் பிடிதுணியை எடுத்துக்கொண்டு பக்கக் கதவைத் திறந்தார். அது கீச்சிட்டது. போதகரம்மா அவர் போவதைப் பார்த்தாள், பேச்சை நிறுத்தவில்லை.