தொண்ணூறு நிமிடப் பால்

"இப்ப வெட்டுங்கம்மா."

அழகம்மாவின் கத்தி றப்பர் மரத்தின் பட்டையில் சரிந்து இறங்கியது. வெள்ளைக் கோடு ஒன்று பிறந்து, வழிந்து, சிரட்டைக்குள் சொட்டியது. மகள் ஜீவராணி கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். ஒன்பது முப்பத்திரண்டு.

"வெயில் ஏறுன பொறகு எவடி பால் வெட்டுவா? கங்காணி பாத்தா என்னயத்தான் பைத்தியம்பாரு."

"கொழும்பு ஆளு பேராதனைக்குப் பதினோரு மணிக்குத்தான் வர்றாராம். விடிய வெட்டுன பால் அதுக்குள்ள செத்துரும்மா."

"முப்பது வருசமா வெட்டுறேன். செத்த பால்னு நீ சொல்லித்தான் கேக்குறேன்."

ஒரு விரல் உயரக் குப்பியில் பாலை ஏந்தி, பனிக்கட்டி நிரப்பிய பிளாஸ்க்குக்குள் செருகி, ஜீவராணி சரிவில் ஓடினாள். கீழே வேன் உறுமிக்கொண்டு நின்றது. ஓட்டுபவர் நிலாம். பக்கத்தில் அவருடைய தங்கை றஸ்மியா. பேராதனைப் பல்கலைக்கழகத்தில் ஜீவராணிக்கு வகுப்புத் தோழி. இப்போது கம்பனியில் சரிபாதி.

கம்பனி என்றால் இரண்டு மேசை, நான்கு பேர், ஒரு கருவி. தீப்பெட்டி அளவுதான். ஒரு சொட்டுப் பாலை விட்டால், அந்த மரம் இன்னும் எத்தனை நாளில் வற்றிப்போகும் என்று அது சொல்ல வேண்டும். பாலுக்குள் கண்ணுக்குத் தெரியாத பைகள் கோடிக்கணக்கில் உண்டு. களைத்த மரத்தில் அவை மரத்துக்குள்ளேயே உடைகின்றன. கருவி சொல்வது சரியா என்று அறிய, உடையாத பைகளைப் பல்கலைக்கழகத்தின் பெரிய நுண்ணோக்கியில் எண்ணியாக வேண்டும். வெட்டித் தொண்ணூறு நிமிடத்துக்குள். அதற்குப் பிறகு எல்லா மரத்துப் பாலும் ஒன்றுதான். எல்லாப் பைகளும் உடைந்திருக்கும்.

பணம் போட வந்திருந்த பவாஸ் இதை நம்பவில்லை. கம்பனிக்குக் கொழும்பில் ஒன்பதாவது மாடியில் இடம் தயார் என்றார். நுண்ணோக்கிதானே, அது கடையில் கிடைக்கும் என்றார். ஜீவராணி மாட்டேன் என்றாள். மரத்தையும் பல்கலைக்கழகத்தையும் விட்டுப் போனால், மூன்று வருடம் பாடுபட்ட கருவி ஒன்பதாவது மாடியில் வெறும் தீப்பெட்டிதான். மாவனல்லையில் றஸ்மியாவின் வாப்பாவுடைய கடை மேல்மாடி போதும். இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது என்றாள்.

"சரி, ஒருக்காக் காட்டுங்க," என்றிருந்தார் பவாஸ். "பால் உசிரோட வந்து சேந்தா மாவனல்லை. இல்லாட்டி கொழும்பு. அதுக்குப் பொறகு பேச்சில்ல."

அரநாயக்க வளைவுகளில் வேன் சாய்ந்து சாய்ந்து இறங்கியது.

"நானா, மெதுவா. குலுக்கினாலும் பை உடையும்," என்றாள் றஸ்மியா அண்ணனிடம்.

"வேகமாப் போ எண்டு செல்ற, குலுக்காதே எண்டும் செல்ற. நான் என்ன, ஹெலிகொப்டரா ஓட்டுற?"

மாவனல்லையைப் பத்து எட்டுக்குத் தாண்டினார்கள். கடுகண்ணாவை ஏற்றத்தில் எல்லாம் நின்றது. மேல் வளைவில் கொள்கலன் லொறி ஒன்று குறுக்கே சிக்கிக் கிடந்தது. முன்னால் நூறு வாகனங்கள். மணி பத்து இருபத்தைந்து. ஐந்து நிமிடம் நகர்ச்சியே இல்லை.

அப்போது பின்னாலிருந்து ஒரு பாட்டுச் சத்தம் நெருங்கியது. பாட்டுப் போட்டுத் தெருத்தெருவாய் ரொட்டி விற்கும் பாண் ஓட்டோ ஒன்று, காலை வியாபாரம் முடித்து, வாகனங்களுக்கும் மலைச்சுவருக்கும் நடுவே நெளிந்து நெளிந்து ஏறி வந்தது.

ஜீவராணி கதவைத் திறந்து குதித்தாள். நடு ரோட்டில் கையை விரித்து நின்றாள். பிளாஸ்க்கைக் காட்டிச் சிங்களத்தில் இரண்டே வரி. ஓட்டோக்காரர் பிளாஸ்க்கை உற்றுப் பார்த்தார். ஏதோ ஆஸ்பத்திரிச் சமாசாரம் என்று நினைத்துக்கொண்டார் போலும். தன் இருக்கையில் பாதியை ஒதுக்கிக் கொடுத்தார். பேராதனை வரைக்கும் பாட்டை நிறுத்தவில்லை.

ஆய்வுகூடக் கதவைத் தள்ளியபோது பத்து ஐம்பத்தொன்பது. மூன்று நிமிடம் மிச்சம்.

பவாஸ் சுவரோரம் கைகட்டி நின்றார். தொழில்நுட்ப அலுவலர் தில்ருக்ஷி குப்பியை வாங்கினார். அவசரப்படுத்திய ஜீவராணியை, "கலபல வெண்ட எபா நங்கி," பதறாதே தங்கச்சி என்று அடக்கினார். ஒரு சொட்டைக் கண்ணாடித் தகட்டில் வைத்து, நுண்ணோக்கியின் திருகை ஓர் அரிசியளவுக்கும் குறைவாக அசைத்தார். திரையில் வெறும் புகை. இன்னும் ஓர் அசைவு. அப்போதும் புகை.

மூன்றாவது அசைவில் புகை விலகியது.

ஜீவராணி எத்தனையோ தரம் பார்த்த காட்சிதான். ஆனாலும் திரையை நெருங்கிப் போனாள். மாரியம்மன் கோயில் தேரன்று மலை உச்சியில் நின்று கீழே பார்ப்பதுபோல், திரை முழுக்கக் கூட்டம். உருண்டை உருண்டையாய், ஒளி விளிம்பு கட்டி, ஒவ்வொன்றும் தன் இடத்தில் நடுங்கிக்கொண்டிருந்தது. ஒன்றுகூடச் சும்மா இல்லை. ஒரு சொட்டுக்குள் இத்தனை. அம்மா இதைத்தான் வாளி வாளியாய்ச் சுமந்திருக்கிறாள். ஒரு நாளும் பார்த்ததில்லை.

"உசிரோட ஈக்கி," என்றார் பவாஸ் மெதுவாக. குரலில் பள்ளிவாசலுக்குள் பேசும் அடக்கம்.

தில்ருக்ஷி திரையில் விரல் வைத்தார். உடைந்த பைகள் சில இருந்தன. "இந்த மூணும் ரோட்டுல குலுங்கி உடைஞ்சது. இது மட்டும் மரத்துக்குள்ளேயே உடைஞ்சது. மரம் களைச்சிருக்கு," என்றார் சிங்களத்தில்.

பவாஸ் குனிந்து பார்த்தார். நான்கும் அவர் கண்ணுக்கு ஒன்றுபோலவே இருந்தன. "எப்படித் தெரியும் உங்களுக்கு?" என்று கேட்டார், அதே சிங்களத்தில்.

"பதினேழு வருசம் பாத்தா உங்களுக்கும் தெரியும். எங்க பிள்ளைகளுக்கு மூணாவது வருசத்திலயே தெரிஞ்சிரும்." அவர் ஜீவராணியைக் காட்டினார். "இவளுக்கு ரெண்டாவது வருசத்திலயே."

ஜீவராணி தீப்பெட்டிக் கருவியில் ஒரு சொட்டு விட்டாள். களைப்பு, நாற்பது நாள் என்று எழுத்து ஓடியது. பவாஸ் அதைப் பார்த்தார். பிறகு திரையை. பிறகு தில்ருக்ஷியின் விரல்களை வெகுநேரம்.

"கம்பனிய மாவனல்லையிலயே போடுங்க," என்றார்.

ஜீவராணி பக்கத்து நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தாள். "மூணு நிமிசம் மிச்சம் இருந்துச்சுங்க," என்றாள்.

"ரோட்டப் பாத்து நான் முடிவெடுக்கல்ல தங்கச்சி." பவாஸ் நுண்ணோக்கியின் பக்கவாட்டில் பொறித்திருந்த இலக்கத்தைத் தடவிப் பார்த்தார். "கொழும்புல, ஒன்பதாவது மாடியில, இதே மெஷின் ஈக்கி. நான் வாங்கி எட்டு மாசம். மூணு பேரை வெச்சுப் பாத்திட்டன். இண்டைக்கு வரைக்கும் அதுல புகையத் தவிர ஒருத்தரும் ஒண்ணும் கண்டதில்ல."