பதினாலாவது பத்தி

வக்கீல் உதவியாளர் படிப்பின் இரண்டாம் பருவத் தேர்வில் ஒரு கேள்வி வந்தது. நீங்கள் வேலை பார்க்கும் அலுவலகத்தில் ஒரு கோப்பைத் திறக்கிறீர்கள், உள்ளே உங்கள் உறவினர் பெயர் இருக்கிறது, என்ன செய்வீர்கள்? எனக்குப் பத்துக்குப் பத்து. கேய் டீச்சர் என் தாளை வகுப்புக்கே வாசித்துக் காட்டினார். கோர்ட்டில் முப்பது வருஷம் குமாஸ்தாவாகக் குப்பை கொட்டியவர். வாயில் எப்போதும் ஒரு புதினா மிட்டாய் அடக்கியிருப்பார்.

"கைய எடு, வாய மூடு, எழுந்து போய் மேலாளர்கிட்ட சொல்லு. மூணே வேலை. ரூத்தா எழுதியிருக்கிற மாதிரி எழுதணும்" என்றார். என் வயதில் பாதிகூட இல்லாத பையன்களும் பெண்களும் திரும்பிப் பார்த்தார்கள். முப்பத்தொன்பது வயதில் கிடைத்த கைதட்டல். வெட்கமாகவும் இருந்தது, பிடித்தும் இருந்தது.

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பது அப்புறம்தான் தெரிந்தது.

மூன்றாம் பருவத்தில் நூற்றிருபது மணி நேரம் ஏதாவது ஒரு சட்ட அலுவலகத்தில் வேலை பழக வேண்டும். எனக்கு வுட்ரிட்ஜ் ரயில் ஸ்டேஷனுக்குப் பின்னால் இருக்கும் இலவச சட்ட உதவி மையம் கிடைத்தது. ஜொவான் என்ற வக்கீல் அம்மாள்தான் பொறுப்பு. முதல் நாளே ஒரு படிவம் கொடுத்தார். உறவினர் பெயர்களை எழுத வேண்டும், மூன்று கோடு போட்டிருந்தது. நான் இன்னும் நாலு தாள் கேட்டேன்.

"எதுக்கு?"

"நீங்கதான சொந்தக்காரங்க பேர் கேட்டீங்க. நாங்க சமோவாத் தீவுக்காரங்க. அறுபத்தொண்ணு வரைக்கும் எண்ணிட்டேன், இன்னும் அம்மா பக்கம் தொடங்கல."

ஜொவான் கண்ணில் நீர் வரச் சிரித்தார். "உங்க வீட்ல இருக்கிறவங்க மட்டும் போதும், ரூத்தா" என்றார். நான் அம்மா பெயரை எழுதினேன். தம்பி தௌமாலோ, அவன் மனைவி ஃபிபே தௌமாலோ என்று எழுதினேன். தவறு அங்கேதான். தௌமாலோ என்பது அவனுக்குக் குடும்பம் சூட்டிய பட்டம். பட்டம் கட்டிய நாளிலிருந்து பெற்ற தாய்கூட அவன் பிறந்த பெயரைச் சொல்வதில்லை, சொன்னால் அவமரியாதை. நானும் மரியாதையாகப் பட்டத்தையே எழுதி வைத்தேன். அரசாங்கத்துக்கு அவன் எனெலிகோ பௌலோ என்பது எனக்கு ஞாபகமே வரவில்லை. கணினி தேடிப் பார்த்து, இவர் உறவினர் சம்பந்தப்பட்ட கோப்பு எதுவும் இல்லை என்று சொல்லிவிட்டது.

எண்பத்து நாலு மணி நேரம் முடிந்திருந்த ஒரு வெள்ளிக்கிழமை ஒரு பிரமாணப் பத்திரம் என் மேசைக்கு வந்தது. பக்க எண் போட்டு மூன்று நகல் எடுக்க வேண்டும். முதல் பத்தியில் 'என் கணவர் எனெலிகோ பௌலோ' என்று இருந்தது. அதே பெயரில் வேறு யாரோ என்றுதான் நினைத்தேன். இரண்டாம் பத்தியில் எங்கள் தெரு, எங்கள் கதவு எண்.

கையை எடுத்திருக்க வேண்டும். பத்துக்குப் பத்து வாங்கிய கை அது. எடுக்கவில்லை. பதினாலாவது பத்தி வரை படித்தேன்.

'பிள்ளைகள் வசனம் ஒப்பிக்கும் வெள்ளை ஞாயிறு அன்று சர்ச்சில் என் மகள் வசனத்தை மறந்துவிட்டாள். வீட்டுக்கு வந்ததும் அது என் தவறு என்று என் கணவர் என் முடியைப் பிடித்து அலமாரியில் மோதினார். அவருடைய அக்கா அடுத்த அறையில் இருந்தார். அவர் டிவி சத்தத்தைக் கூட்டினார்.'

ரக்பி ஆட்டம் ஓடிக்கொண்டிருந்தது. யார் ஜெயித்தார்கள் என்றுகூட எனக்கு ஞாபகம் இருக்கிறது.

ஜொவானிடம் போய்ச் சொன்னேன். அவர் முகம் வெளுத்துவிட்டது. திட்டுவார் என்று நினைத்தேன், திட்டவில்லை. கதவைச் சாத்தினார்.

"ரூத்தா, வியாழக்கிழமை போலீஸ் உங்க தம்பிகிட்ட பாதுகாப்பு உத்தரவக் குடுப்பாங்க. அன்னைக்குக் காலைல ஃபிபே பிள்ளைங்களோட கிளம்பிடுவாங்க. அதுக்கு முன்னாடி அவருக்கு ஒரு வார்த்தை காதுல விழுந்தாலும் என்ன ஆகும்னு உங்களுக்குத் தெரியும்."

"தெரியும்."

"ஃபிபேகிட்டயும் காட்டிக்காதீங்க. புருஷனோட அக்காவுக்குத் தெரிஞ்சிடுச்சுன்னா பயந்து கேஸே வேணாம்னு போயிடுவாங்க."

"வீட்ட விட்டு நான் எங்கயாச்சும் போயிடட்டுமா?"

"திடீர்னு போனா ஏன்னு கேப்பார். வழக்கம்போல வாங்க, போங்க. இங்க எந்தக் கோப்பையும் தொட வேணாம், உறை ஒட்டுங்க. உங்க மணிக்கணக்கு இதோட நிக்குது, காலேஜுக்கு நான் எழுதியாகணும். மன்னிச்சுக்கோங்க."

என் கணவர் இறந்த பிறகு தம்பி வீட்டில்தான் ஆறு வருஷமாக இருக்கிறேன். போக்கிடம் இல்லாதவளுக்குப் பேச்சு எதற்கு என்று வாயைப் பழக்கி வைத்திருந்தேன். ஆனால் அது முழு உண்மை இல்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் வழக்கத்தில் கூடப்பிறந்தவளின் சொல்லுக்குத் தம்பி கட்டுப்பட்டவன். அவள் முன் குரலை உயர்த்தக் கூடாது, உயர்த்தினால் அவள் சாபம் குலத்தைப் பிடிக்கும். தௌமாலோ என்னிடம் ஒருநாளும் குரலை உயர்த்தியதில்லை. சாப்பாட்டில் முதல் தட்டு எனக்குத்தான் வரும். அந்த வீட்டில் அவனை நிறுத்த முடிந்தவள் நான் ஒருத்திதான், நானோ ரிமோட்டைத் தேடினேன்.

சனி, ஞாயிறு எப்படிப் போனது என்று கேட்காதீர்கள். ஞாயிறு சர்ச் முடிந்து எல்லோரும் பாயில் உட்கார்ந்தோம். ஃபிபே சேப்பங்கிழங்கும் தேங்காய்ப்பாலில் வெந்த கீரையும் பரிமாறினாள். என் தட்டை வைக்கும்போது அவள் நெற்றியோரத் தழும்பைப் பார்த்தேன். ஏழு மாதமாக அது அங்கேதான் இருந்தது.

"என்ன அண்ணி, உப்பு கம்மியா?"

"இல்லம்மா, சரியா இருக்கு."

"சாப்பிடவே இல்லையே."

"பரீட்சைக் கவலை" என்றேன். அவள் சிரித்தாள், வாய் மட்டும். அவள் கண்ணும் என் கண்ணும் ஒன்றிடமிருந்து ஒன்று தப்பி ஓடின. ஒரே வீட்டில் இரண்டு பேரும் ஒரே ரகசியத்தை ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு நின்றோம். என்னிடமும் அதே ரகசியம் இருப்பது அவளுக்குத் தெரியாது.

சாயந்திரம் கொல்லையில் காரைக் கழுவிக்கொண்டே தம்பி கேட்டான்.

"அக்கா, இப்பல்லாம் ஃபிபே கடைக்குப் போனா ரெண்டு மணி நேரம் ஆகுது. உங்கிட்ட எதாச்சும் சொன்னாளா?"

"எங்கிட்ட என்ன சொல்லப் போறா? பால் விலை ஏறிடுச்சும்பா."

"நீ என்கிட்ட மறைக்க மாட்டேன்னு தெரியும்" என்றான். குழாயை என் பக்கம் படாமல் திருப்பிப் பிடித்துக்கொண்டான், என் பாவாடை நனைந்துவிடுமாம். அத்தனை அன்பு.

செவ்வாய்க்கிழமை காலை உறை ஒட்டிக்கொண்டிருந்தேன். ஜொவான் ஓடி வந்து என் கையைப் பிடித்துக் காகித அறைக்குள் தள்ளினார். "நாளைக்கு வர வேண்டியவங்க இன்னைக்கே கையெழுத்துப் போட வந்துட்டாங்க. வெளிய வராதீங்க. எதையும் கேக்கவும் கூடாது. நகல் எந்திரத்த ஓட விடுங்க." கதவு சாத்தப்பட்டது.

ஜன்னல் இல்லாத அறை. தாள் பெட்டிகள் கூரை வரை. சுவருக்கு அந்தப் பக்கம் ஃபிபேயின் குரல் கேட்டது. ஏதோ சொல்லிவிட்டுச் சிரித்தாள், வயிறு குலுங்கும் சிரிப்பு. கல்யாணமான புதிதில் அப்படித்தான் சிரிப்பாள், நான் அதை மறந்தே போயிருந்தேன். இருநூறு என்று அழுத்தினேன். எந்திரம் கடகடவென்று வெற்றுத்தாளைத் துப்பத் தொடங்கியது. மறுபடியும் அவள் குரலுக்கு மேல் சத்தம் வைப்பவள் நான்தான். சட்டப்படி இந்த முறை அது சரி. நாற்பது நிமிஷம் பெட்டி மேல் உட்கார்ந்து அழுதேன்.

வியாழன் காலை ஃபிபே இரண்டு பிள்ளைகளையும் வழக்கம்போலப் பள்ளிக்குக் கூட்டிக்கொண்டு போனாள். சின்னவளின் பை என்றைக்கும் இல்லாமல் புடைத்திருந்தது. "வரேன் அண்ணி" என்றாள். "பாத்துப் போம்மா" என்றேன். அதற்கு மேல் எதற்கும் எனக்கு அனுமதி இல்லை.

மாலை நாலு மணிக்குப் போலீஸ் வந்து போனது. அவர்கள் கார் தெரு திரும்பும் வரை தம்பி வாசலிலேயே நின்றான். பிறகு உள்ளே வந்து, காகிதக் கட்டை என் முன் வைத்தான். அம்மா பாயில் உட்கார்ந்திருந்தாள்.

"அக்கா, நீதான சட்டம் படிக்கிற. இதப் படி. அம்மாவுக்கும் கேக்கணும், சத்தமாப் படி. எங்க ஓட்டைன்னு சொல்லு."

"நான் ஆலோசனை சொல்லக் கூடாது."

"ஆலோசனை வேணாம். படி."

படித்தேன். அவன் பிறந்த பெயர் வந்த இடத்தில் பட்டத்தையே சொன்னேன். பக்க எண்கள் போடப்பட்டிருந்தன, என் கையால் அல்ல. ஒவ்வொரு பத்திக்கும் அவன் "பொய்" என்றான். அம்மா "ஐயோ கர்த்தரே" என்றாள். பதிமூன்று முடிந்தது. நான் நிறுத்தினேன்.

"ஏன் நிறுத்திட்ட?"

பதினாலையும் படித்தேன். டிவி வரை படித்தேன்.

அவன் துள்ளி எழுந்தான். "பாத்தியா! ஒன்னையும் இழுத்து விட்டிருக்கா! நீ அங்கதான இருந்த. அப்படி எதுவும் நடக்கலன்னு எழுதிக் குடு அக்கா. நீ எழுதுனா கோர்ட்டு நம்பும். அது ஒண்ணு போதும் எனக்கு." சுவரை ஓங்கிக் குத்தினான். அம்மா மூலைக்கு நகர்ந்தாள். ரிமோட் என் முழங்கால் பக்கத்தில் கிடந்தது.

"நடந்தது" என்றேன்.

"என்ன?"

"நடந்தது. நான் கேட்டேன். சத்தத்தக் கூட்டினதும் நான்தான். கேட்டா கோர்ட்டுல வந்து அதத்தான் சொல்லுவேன்."

"அக்கா..." மறுபடி கையை ஓங்கினான், சுவரைப் பார்த்துத்தான்.

"எனெலிகோ. உக்காரு."

பட்டம் கட்டியதிலிருந்து பதினோரு வருஷமாக அந்த வீட்டில் யாரும் சொல்லாத பெயர். குரலைக்கூட நான் உயர்த்தவில்லை. ஓங்கிய கை இறங்கியது. ஆறடி ஆள், பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி காலை மடக்கி, பாயில் என் முன்னால் உட்கார்ந்தான்.

வெள்ளை ஞாயிறு அன்றைக்குச் சொல்லியிருந்தாலும் உட்கார்ந்திருப்பான்.