தெரியாத வரைக்கும் தீட்டில்லை

ஐஸ் பெட்டிக்கு அடியில் வழிந்த தண்ணீரைப் பழைய நைட்டித் துணியால் ஒற்றி வாளியில் பிழிந்துகொண்டிருந்தாள் சாமுண்டீஸ்வரி. வாசலில் கார் வந்து நின்றது. தம்பி சம்பத் ஜப்பானிலிருந்து வந்துவிட்டான். அம்மா நாகம்மா செத்து அன்றைக்கு மூன்றாம் நாள்.

அயனம்பாக்கத்து வீடு இரண்டு நாளாக அவனுக்காகத்தான் காத்துக் கிடந்தது. மாலைகள் அழுகி, ஊதுபத்தியையும் மீறி ஒரு புளித்த வாடை. சாமுண்டிக்கு அது ஒரு பொருட்டில்லை. பக்கவாதத்தில் கிடந்த அம்மாவின் முதுகுப் புண்ணை எட்டு மாதம் சீழ் துடைத்துக் கழுவியவள் அவள். அதற்காகவே அம்பத்தூரில் பார்த்துக்கொண்டிருந்த தையல் வேலையை விட்டிருந்தாள். அருவருப்பெல்லாம் தன்னை விட்டுப் போய்விட்டது என்றுதான் நினைத்திருந்தாள்.

சம்பத் பெட்டியின் கண்ணாடியில் நெற்றியை வைத்து அழுதான். நிஜமாகவே அழுதான். அவளும் கூட அழுதாள்.

பிறகு அவனை வெளியே பந்தலில் உட்கார வைத்தார்கள். அம்மாவின் தம்பி கங்காதரன் பக்கத்தில் போய் உட்கார்ந்தார்.

"செவ்வாக்கெயம காலீலேந்து உங்கக்கா எத்தினி தபா போனு அட்ச்சா தெரியுமா நைனா? போன எட்த்துகினு போவலையா?"

டீ தட்டோடு வந்த சாமுண்டி நின்றாள். பாவம், வேலையில் மாட்டியிருப்பான் என்று இரண்டு நாளாக எல்லாரிடமும் அவனுக்காகப் பரிந்து பேசியவள் அவள்தான்.

அன்றைக்கு இசே கோயிலுக்குப் போயிருந்ததாகச் சொன்னான் சம்பத். ஆறு வருடமாக லீவு கிடைத்தபோதெல்லாம் அந்த ஊர்க் கோயில்களாகச் சுற்றுகிறவன். வீடியோவில் அவன் காட்டும் சிவப்பு வாசல்களைப் பார்த்து அம்மா விளங்குகிற ஒரு கையை மட்டும் தூக்கிக் கும்பிடுவாள். இசே எல்லாவற்றையும்விடப் பெரியது என்றான். மரப்பாலம், நடந்தால் சரசரக்கும் கூழாங்கல் பாதை, நுழையும்போது மரக்கரண்டியில் தண்ணீர் மொண்டு கையும் வாயும் கழுவுவது, இருபது வருடத்துக்கு ஒருமுறை புதிதாய்க் கட்டும் சன்னிதி என்று சொல்லிக்கொண்டே போனான். ஒரு காகிதத் துண்டு கீழே கிடக்காதாம்.

"அங்கயும் நம்மள மாதிரிதான் மாமா. வூட்ல சாவு வுழுந்தவங்க உள்ள போவக் கூடாது. அக்கா மெசேஜ்ல 'அம்மா'ன்னு மொத வார்த்தய பாத்ததுமே புரிஞ்சிட்ச்சி. தொறக்கல. தெரியாத வரைக்கும் தீட்டில்லையே. எல்லாம் சேவிச்சிட்டு, சாயங்காலம் ரூமுக்கு வந்துதான் தொறந்தேன்."

ஒரு விரதத்தைக் கெடாமல் காத்தவனைப் போலச் சொன்னான்.

"அதுவும் கரீட்டுதான்," என்றார் மாமா. "அம்மாம் பெரிய கோயிலாச்சே."

சாமுண்டி தட்டை அப்படியே பெஞ்சில் வைத்துவிட்டு உள்ளே திரும்பினாள். சம்பத் பின்னாலேயே வந்து அவள் வலது கையைப் பிடித்து எதையோ வைத்தான். விரலளவு பட்டுப் பை, நுனியில் வெள்ளை முடிச்சு.

"ஒடம்பு நல்லாவறதுக்கு அங்க குடுக்கறது அக்கா. அம்மாக்குன்னு வாங்கினேன். கூடவே வெச்சுடு."

"எப்ப வாங்கின?"

"அன்னிக்குத்தான். கும்பிட்டு வெளிய வரச்சொல்ல."

அவனுடைய விரல்கள் மெத்தென்று, ஏதோ வாசனைச் சோப்பு மணத்தோடு இன்னும் அவள் கையின்மேல் இருந்தன. அவள் கையை உருவிக்கொண்டாள். பையை அவன் சட்டைப் பாக்கெட்டுக்குள் போட்டாள். அம்மாவைக் குளிப்பாட்டப் போனாள்.

மத்தியானம் பாடியை எடுத்தார்கள். மேளச் சத்தம் ஏரிக்கரைப் பக்கம் தேய்ந்ததும் பெண்கள் வீட்டைக் கழுவிவிட்டார்கள். பக்கத்து வீட்டு சபீனா பின்கட்டில் சாமுண்டிக்குத் தண்ணீர் மொண்டு ஊற்றினாள். சாமுண்டி தலையை நனைத்துக்கொண்டு, சோப்பை எடுத்து வலது உள்ளங்கையைத் தேய்த்தாள். அலம்பினாள். மறுபடியும் தேய்த்தாள்.

"எத்தினி தபாக்கா? தோலு வந்துடப் போவுது."

சாமுண்டி கையை நீட்டினாள். சபீனா இன்னொரு சொம்பு ஊற்றினாள்.